பத்து நாள் காய்ச்சல்

பாலக்காட்டில் நர்ஸ் படிப்பை முடித்த கையோடு சாந்தன்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எடை ஏறாத குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவர்களில் ஒருத்தி ஒன்பது மாதப் பெண். ஒன்பது ராத்தல்தான் இருந்தாள். தொடைத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. அழ வாயைத் திறப்பாள், சத்தம் வராது.

அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவள். மூன்று மணிக்கொரு தரம் பால் கொடுக்க வேண்டும் என்று, படித்ததை அப்படியே சொன்னேன். தலையாட்டினாள். அடுத்த வாரம் எடை இன்னும் குறைந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் முன்னால், பெற்றால் மட்டும் போதுமா என்று கேட்டேன். அவள் பிள்ளையைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு வெளியே நடந்தாள்.

அம்மை குத்துவதற்காக ஒருநாள் கொழுந்து பறிக்கும் மலைக்கு ஏறினேன். அங்கே அவள் செடி மறைவில் குனிந்து நின்று, மார்பிலிருந்த பாலை மண்ணில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“பால் கட்டிக்கிட்டு நோவுதும்மா,” என்றாள். “கொழுந்து நிறுக்கிற வரைக்கும் கங்காணி எறங்க விட மாட்டாரு.”

குழந்தை கீழே, பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகையில் கிடந்தாள். கஞ்சித் தண்ணீர் கொடுத்துத் தூங்க வைத்திருந்தார்கள்.

மத்தியானம் ஒருமுறையாவது அவளை இறங்கவிடச் சொல்லி ஒரு சீட்டு எழுதித் தருமாறு டாக்டரிடம் கேட்டேன். மலையில் நடப்பது நம் வேலையில்லை என்றார். அவளுக்குக் காய்ச்சல் என்று நானே எழுதி, பிள்ளையோடு வார்டில் படுக்க வைத்தேன். பத்து நாளில் குழந்தை ஒரு ராத்தல் ஏறினாள்; பசித்தால் வார்டே அதிரக் கத்தினாள். வாசலோடு திரும்பிவிடும் டாக்டர் பதினோராம் நாள் உள்ளே வந்து தாயின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அன்றே அவளை மலைக்கு அனுப்பினார்கள். இன்னொரு முறை இப்படிச் செய்தால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஒன்றரை மாதத்தில், அடைமழையில், வயிற்றுப்போக்கு வந்து குழந்தை இறந்தாள்.

பதிவேட்டில் காரணம் எழுத வேண்டியிருந்தது. டாக்டர் சொன்னதை என் கையாலேயே எழுதினேன்: தாயின் கவனக்குறைவு.

கைநாட்டு வைக்க அவள் வந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. விரல் மையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, “இன்னும் பத்து நாளு காய்ச்சல்னு எழுதிருக்கலாமேம்மா,” என்றாள்.

அதற்குப் பிறகும் பதினான்கு வருடம் அங்கேயே இருந்தேன். நல்ல நர்ஸ் என்று பெயர் வாங்கினேன்.