தைவான் சட்டியும் என் வயிற்றுநோவும்

மாலை 4.10. பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து அரியாலைக்கு ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். ஓட்டோவுக்கு 2,500 ரூபா என்று பேச்சு. முப்பது வருடம் ரொறன்ரோவில் இருந்துவிட்டு வந்தவனிடம் இன்னும் ஆயிரம் கூட்டிக் கேட்டிருக்கலாம். மரியதாஸ் அண்ணை கேட்கவில்லை. அறுபது வயது, தலை முழுக்க நரை, தோய்த்து மடிப்புக் குலையாத சேர்ட். மூன்று நாளாக அவருடைய ஓட்டோவில்தான் குடாநாட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ரொறன்ரோவில் வரும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இங்குள்ள சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதவேண்டும் என்பது என் வேலை.

முதல்நாள் ஏறியவுடனேயே கேட்டுவிட்டேன். "அண்ணை எவடம்?"

"குருநகர். நீங்கள் தம்பி?"

"பண்டத்தரிப்பு."

அதற்கு மேல் இருவரும் கேட்கவில்லை. அவர் கடற்றொழில் செய்யும் குடும்பம், நான் தோட்டம் செய்யும் குடும்பம், எங்கள் பாட்டன்மார் ஒரே பந்தியில் இருந்திருக்கமாட்டார்கள் என்பதெல்லாம் அந்த இரண்டு ஊர்ப்பெயர்களில் வந்துவிடும். ஏதோ முகவரி விசாரிப்பதுபோல இதைக் கேட்டுப் பழகிய சனம் நாங்கள். கனடாவில் இருந்தும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

மானிப்பாய் தாண்டியதும் அவர் வேகத்தைக் குறைத்தார்.

"தம்பி, மகளின்ரை கடைக்குப் போறதுக்கு முதல் ஒண்டு சொல்லோணும். அவள் றெஜினா தைவானிலை ஏழு வருசம் வேலை செய்து, அந்தக் காசைக் கொண்டுவந்து அங்கத்தைச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறாள். சனம் வருது, பாக்குது, படமெடுக்குது. இருந்து சாப்பிடுறேல்லை."

"ஏன், ருசி இல்லையோ?"

"ருசிக்கு ஒரு குறையுமில்லை. ஆனா நடுவிலை ஒரு சட்டி, எல்லாரும் அதுக்கை போட்டு அதுக்கையிருந்து எடுக்கோணும். ஆரோடை ஆர் இருந்து அப்பிடிச் சாப்பிடுறது? உங்களுக்கு விளங்கும்தானே. அவளுக்குத்தான் விளங்கேல்லை. ருசிதான் பிழையெண்டு நினைச்சுக் கிழமைக்கு ஒருக்கா சட்டிச் சாறை மாத்திக்கொண்டிருக்கிறாள். இன்னும் ரெண்டு மாசம் பாத்திட்டுக் கடையைப் பூட்டப்போறன் எண்டவள். உங்களைப்போல ஒராள் என்னோடை இருந்து சாப்பிட்டதை நாலு சனம் கண்டால், பேப்பரிலையும் எழுதினால், ஒரு வழி பிறக்கும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. சீர்திருத்தக்காரன் வேடம் என்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

"உதெல்லாம் இப்ப ஆர் அண்ணை பாக்கினம்? ரெண்டு பேரும் ஒரே சட்டியிலை சாப்பிடுவம். நானே படத்தோடை போடுறன்!" என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்று நாளில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

5.20. கண்டி வீதியிலிருந்து கடல்நீரேரிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மூன்றாவது கட்டடம். ஐந்து மேசைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறிய காஸ் அடுப்பு. ஒரு மேசையிலும் ஆளில்லை. றெஜினாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தந்தையின் நெற்றி, படபடவென்ற பேச்சு. இருவருக்கு 3,600 ரூபா என்று சுவரில் எழுதியிருந்தது. என்னிடம் வாங்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

சட்டி வந்தது. நடுவில் தகட்டால் பிரித்து ஒரு பக்கம் உறைப்புச் சாறு, மறுபக்கம் எலும்பை அவித்து வடித்த வெள்ளைச் சாறு. தட்டுகளில் கணவாய், இறால், நீலக்கால் நண்டு, மெல்லிதாகச் சீவிய பன்றியிறைச்சி, காளான், முட்டைக்கோவா. தொட்டுக்கொள்ள, கூனி இறாலையும் உள்ளிப்பூண்டையும் எண்ணெயில் வதக்கி அரைத்த சாந்து. வாசனையே பசியைக் கிளப்பியது. மரியதாஸ் அண்ணை சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரில் இருந்தார். மகள் காட்டியபடி கோவா இலையைக் கையால் கிழித்துக் கொதிக்கும் சாற்றில் போட்டார்.

எடுத்த கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். காரணம் எனக்குத் தெரியும், அதுதான் கேவலம்.

"பிள்ளை," என்றது என் வாய், "எனக்குத் தனியா ஒரு சட்டி தர ஏலுமே? காலமையிலையிருந்து ஒரே வயித்துநோ. உறைப்பு ஒத்துக்கொள்ளாது."

"உறைப்பு உந்தப் பக்கம்தானே ஐயா, இந்தப் பக்கம் வெறும் சாறு."

"இல்லைப் பிள்ளை, தனிய எண்டால் நல்லம்."

றெஜினா பதறிப்போனாள். "ஐயோ, முதலே சொல்லியிருக்கலாமே! தைவானிலையும் ஆளுக்கொரு சின்னச் சட்டி வைக்கிற கடையள் கனக்க இருக்கு. பொறுங்கோ, குசினியிலை ஒண்டு கிடக்கு." உள்ளே ஓடினாள். ஆளுக்கொரு சட்டி அங்கே வழக்கமாம். அந்த வழக்கத்துக்குள் புகுந்து ஒளித்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் பார்த்தேன்.

மரியதாஸ் அண்ணை ஒன்றும் பதறவில்லை. கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழும்பினார்.

"ஐயா ஆறுதலாச் சாப்பிடுங்கோ. நான் வாகனத்தடியிலை நிக்கிறன்."

மூன்று நாள் தம்பியாக இருந்தவன் அந்த இடத்தில் ஐயாவாகிவிட்டேன். எழும்பிப் போய் அவர் கையைப் பிடித்திருக்கவேண்டும். நான் இருந்தேன். ரொறன்ரோவில் இதே சாப்பாட்டை வேலைத்தலத்து ஆட்களோடு எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன்! சீனன், பஞ்சாபி, ஜமேக்காக்காரி, எட்டுப் பேரின் குச்சிகள் ஒரே சட்டிக்குள். ஒருவரையும் எவடம் என்று கேட்டதில்லை. என் பாஷை பேசுகிற, கை கழுவிவிட்டு வந்த ஒரு மனிதரோடு என்னால் முடியவில்லை.

அப்பாவுக்குப் பசியில்லையாக்கும் என்றுவிட்டு, றெஜினா சின்னச் சட்டியில் பார்த்துப் பார்த்து அவித்துத் தந்தாள். அருமையான சாப்பாடு. முழுவதையும் சாப்பிட்டேன், அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. பெரிய சட்டியில் அவர் கிழித்துப் போட்ட கோவா தன்பாட்டில் வெந்து கரைந்தது. திரும்பி வரும்போது மன்னிப்புக் கேட்க நாலைந்து தடவை வாயெடுத்தேன். எதற்கு மன்னிப்பு என்று பெயர் சொல்லவேண்டுமே, அது வரவில்லை.

மறுநாள் காலை 5.20. யாழ்ப்பாணம் ரயில் நிலையம். மரியதாஸ் அண்ணை என் பெட்டியை மேடைவரை தூக்கிவந்து வைத்துவிட்டு, ஒரு சுடுநீர்ப் போத்தலை நீட்டினார்.

"மகள் தந்துவிட்டவள். உங்களுக்கு வயித்துநோ எண்டு விடிய எழும்பிக் கஞ்சி காய்ச்சினவள்."

"அண்ணை, எனக்கு நேற்று வயித்துநோ இல்லை" என்றேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியும் ஐயா. அவளுக்குத் தெரியவேண்டாம்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "நீங்கள் வந்ததிலை அவளுக்குச் சரியான சந்தோசம். உதெல்லாம் முடிஞ்சுது எண்டு நம்பிக்கொண்டிருக்கிறாள். இதைக் குடிக்கோணும் எண்டில்லை. குடிச்சனான், சுகம் எண்டு ரெலிபோனிலை ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அதுவே காணும்."

மூடியில் ஊற்றிக் குடித்தேன். இஞ்சி போட்ட வெறும் கஞ்சி. இரண்டாவது தடவையும் ஊற்றிக் குடித்தேன். அவர் பார்ப்பார் என்று நினைத்தேன்; தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளை அழைத்துக் கைபேசியை என்னிடம் தந்தார்.

"இப்ப எப்பிடி ஐயா?"

"நல்ல சுகம் பிள்ளை. உங்கடை கஞ்சியாலைதான்."

"அப்பாடா! எனக்கு ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. அடுத்தமுறை வந்து அப்பாவோடை இருந்து வடிவாச் சாப்பிடோணும், சரியே?"

"ஓம்" என்றேன். மரியதாஸ் அண்ணை கைபேசியை மெல்ல வாங்கி, "ஐயாவுக்கு ரயில் வந்திட்டுது பிள்ளை, வைக்கிறன்" என்றார்.

ரயில் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.