அன்ரனின் விண்கப்பல் கலண்டர்

போன செவ்வாய்க்கிழமை கடைவாய்ப் பல் வலியோடு வெள்ளவத்தையில் ஒரு பல் டொக்டரிடம் போயிருந்தேன். கிராம்பெண்ணெய் மணக்கும் சின்ன அறை. கதிரையைப் பின்னால் சரித்தார். சரிந்த இடத்தில், நேரே கண்ணுக்கு முன்னால், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பழைய கலண்டர் தாள். கீழே செப்டெம்பரும் ஒக்டோபரும், மேலே கறுத்த வானத்தில் ஒரு விண்கப்பல். ரயில் நீளத்துக்குக் கப்பல். அதன் பின்பக்கத்தில் கொடி கட்டி உடுப்புக் காயப் போட்டிருக்கிறது. எனக்கு வாய் தன்பாட்டில் திறந்தது. வசதியாய்ப் போச்சு என்று டொக்டர் நினைத்திருப்பார்.

டொக்டருக்கு நாற்பது வயது வரும், முஸ்லிம் பிள்ளை. நான் படத்தையே பார்ப்பதைக் கண்டு, பல்லைக் குடைந்தபடியே கதை சொன்னார். வாப்பா புறக்கோட்டையில் ரேடியோ, டீவிக் கடை வைத்திருந்தவராம். வாடிக்கையாளருக்குக் கொடுக்க அடித்த கலண்டராம் இது.

"இந்தத் தாள்ல பௌர்ணமிப் போயா லீவு ஒருநாள் முந்திப் பிழையா விழுந்திருக்கு அங்கிள். வாப்பா அத நம்பி கடைய மூடிட்டாரு, எங்களையும் ஸ்கூலுக்கு அனுப்பல்ல. பொறகு பார்த்தா ஊரே வேலைக்குப் போகுது! சும்மா போயா எண்டா வாப்பா கடைக்குள்ள இருந்து சாமான் அடுக்குவாரு. அன்டைக்கு, மூடின கட மூடினதுதான் எண்டு, மிருகம் பார்க்க எங்கள ஸூவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. வாப்பாவோட நாங்க முழுசா இருந்த நாள் அது ஒண்டுதான்."

பிறகு, இந்தப் படத்தை வரைந்தவரைத் தெரியுமா என்று கேட்டார். முன்பு அச்சகத்தில் வேலை என்று அவருடைய அட்டையில் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆளைக் கண்டுபிடித்து நன்றி சொல்ல வேண்டுமாம். நான் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "தெரியாது டொக்டர்" என்றேன்.

பச்சைப் பொய். வரைந்தவன் அன்ரன். கொட்டாஞ்சேனை அன்ரன். மூன்று வருஷம் என்னோடு வேலை, முதல் இரண்டு வருஷமும் பக்கத்து மேசை.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பீர்கள். உங்களுக்கு ஒளிப்பானேன், எரிச்சல்தான். முப்பது வருஷம் போயும் ஆறாத வயிற்றெரிச்சல்.

எங்கள் அச்சகம் கொட்டாஞ்சேனையில் இருந்தது. செல்போன் எல்லாம் வரமுந்தின காலம். ஓகஸ்ட் பிறந்தால் நான் மாதிரிப் படங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறக்கோட்டைக்கு நடப்பேன், அடுத்த வருஷக் கலண்டருக்கு ஓடர் பிடிக்க. செட்டித்தெருவுக்கு இலட்சுமி, முஸ்லிம் கடைகளுக்கு மக்கா, கத்தோலிக்கருக்கு மாதா, ஒன்றிலும் பட்டுக்கொள்ளாதவர்களுக்கு சுவிஸ் மலை. யாருக்கு எது பிடிக்கும் என்று என் விரல் நுனியில் இருந்தது. என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கொரு எண்ணம். அந்த எண்ணத்தோடு திரிந்த என் நடையை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அன்ரன் எழுத்து வரைகிற ஆளாக வந்தான். கல்யாணக் கார்ட்டுக்குப் பூ, மரண அறிவித்தலுக்குக் குத்துவிளக்கு, அவ்வளவுதான் வேலை. மத்தியானம் சோற்றுப் பார்சலை முடித்துவிட்டு, கழித்த அட்டைகளில் விண்கப்பல் வரைவான். அவன் வரைந்த கப்பல்களைப் போல வேறெங்கும் நான் கண்டதில்லை. ஒன்றில் துறைமுகத்துப் பாரந்தூக்கி முளைத்திருக்கும். ஒன்றின் வாசலில் ஒரு மனுசி குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். வானத்தில் ஏன்டா குடை என்று கேட்டேன். "நெருப்புக் கல்லு மழை பெய்யும்தானே" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்காமல் எழும்பிப் போய்விட்டேன்.

ஒருநாள் சுருள்களைத் தூக்க ஆள் வேண்டுமென்று அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். இதுதான் நான் விட்ட முதல் பிழை. அந்த யுத்த காலத்தில் தமிழன் கக்கத்தில் நீளமாய் ஏதும் வைத்துக்கொண்டு போனால் செக்பொயின்ரில் மறிக்காமல் விடமாட்டார்கள். என் சுருளை விரித்தார்கள். இலட்சுமி. ஆமிக்காரன் கொட்டாவி விட்டான். அன்ரன் தன் சுருளுக்குள் விண்கப்பல் அட்டைகளையும் செருகியிருந்தான். அதை விரித்தவன் மற்றவர்களையும் கூப்பிட்டான். நாலு பேர் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு நின்று ரசித்தார்கள். ஒருத்தன் அவனைத் தம்பி என்று அழைத்து, "மல்லி, எனக்கு ஒன்று தருவியா" என்று சிங்களத்தில் கெஞ்சாத குறை. நான் என் அடையாள அட்டையை நீட்டியபடி வெயிலில் நிற்கிறேன். என் ஐசியைப் பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

அங்கிருந்து டீவிக் கடை ஹாஜியாரிடம் போனோம். நாலு வருஷமாய் என்னுடைய வாடிக்கை, நாலு வருஷமும் மக்கா. அன்றைக்கு அவர் என் மாதிரிகளைத் தள்ளி வைத்துவிட்டு அன்ரனின் அட்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். டீவி விற்கிறவனுக்கு இதுதான் பொருத்தம் என்று ஆறு தாளுக்கும் ஆறு கப்பல் கேட்டார். "தம்பி, இது உங்கட மூளையா?" என்றார். தம்பி நானில்லை.

முதலாளி அன்ரனுக்குத் தன் அறையில் மேசை போட்டுக் கொடுத்தார். தேத்தண்ணி முதலில் அங்கே போனது, பிறகுதான் எனக்கு. இதெல்லாம் ஒரு விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அது விஷயமாய்த்தான் இருந்தது. இரவில் சோறு இறங்கவில்லை.

படம் அவனுடையது என்பதால் திகதி போடுகிற பொறுப்பையும் அவனிடமே கொடுத்தார்கள். போயா நாளுக்கு மஞ்சள் வட்டம் போட வேண்டும். அவன் என்னிடம் வந்து பஞ்சாங்கம் கேட்டான், கொடுத்தேன். இங்கேதான் பஞ்சாங்கம் பார்க்கிற எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. பஞ்சாங்கத்துப் பௌர்ணமியும் அரசாங்கம் அறிவிக்கிற போயாவும் எப்போதும் ஒரே நாளில் வராது. சில மாதம் ஒருநாள் முந்தும், பிந்தும். அரசாங்க விடுமுறைப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். முதல் வருஷம் நானும் இதே பிழையை விட்டு, அச்சேற முந்திப் பிடிபட்டவன். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை அன்ரனுக்கு இது எப்படித் தெரியும்?

அச்சேற முந்தி இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்து வைப்பது எங்கள் வழக்கம். புரூஃபைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தான். ஐந்து தாளும் சரி. செப்டெம்பர் தாளில் விரல் நின்றது. வட்டம் ஒருநாள் முந்தி நிற்கிறது. அன்ரன் எனக்குப் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டான்.

"வடிவாயிருக்கு" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த வருஷம் செப்டெம்பரில் முறைப்பாடுகள் வந்தன. கலண்டரை நம்பி ஒரு சிங்கள வாடிக்கையாளரின் தாயார் வெள்ளைச் சேலையோடு போயா விரதத்துக்குச் சில் எடுக்க விகாரைக்குப் போய், ஆளில்லாமல் திரும்பி வந்தாவாம். வேறு யார்யாரோ கடையை மூடினார்களாம். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் முந்திக்கொண்டேன். "நான் படங்களைத்தான் பார்த்தனான், திகதியைப் பாக்கேல்ல" என்றேன். அன்ரன் என்னை ஒருமுறை பார்த்தான். பிழை தன்னுடையதுதான் என்றான். அந்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுவிட்டான். தேத்தண்ணி திரும்பவும் எனக்கு முதலில் வந்தது. குடிக்க மனம் வரவில்லை என்று எழுதினால் நல்லாய்த்தான் இருக்கும். குடித்தேன்.

இவ்வளவும் செய்த என்னுடைய இலட்சுமி ஒன்றையாவது எவனாவது சட்டம் போட்டு வைத்திருக்கிறானா? டொக்டரின் கதிரையில் கிடந்து நான் நினைத்தது அதைத்தான். பிழையும் நான் விட்ட பிழை. அதனால் ஒரு பிள்ளைக்குக் கிடைத்த சந்தோசத்துக்கு நன்றி மட்டும் அன்ரனுக்கு!

ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அச்சகம் இருந்த இடத்தில் பத்து மாடி எழும்பி நிற்கிறது. அன்ரனின் ஒழுங்கை மட்டும் அப்படியே. கதவைத் திறந்தவள் அவனுடைய தங்கச்சி ஜெசிந்தா. என்னை அடையாளம் கண்டு இருக்கச் சொன்னாள். அன்ரன் செத்து நாலு வருஷமாம். எங்களிடமிருந்து போனபின் துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயர் எழுதுகிற வேலையாம். பலகையில் தொங்கிக்கொண்டு ஆள் உயர எழுத்து. அந்த வேலையில் சந்தோசமாய் இருந்தானாம். அதைக் கேட்டும் எனக்குள் ஒன்று எரிந்தது, பாருங்கள்.

கலண்டர் கதையைத் தொடங்கினேன். அவள் இடைமறித்தாள்.

"அண்ணா சொல்லுவார், உங்கட விரல் அந்த வட்டத்துக்கு மேல கொஞ்ச நேரம் நிண்டதாம். நீங்கள் ஏதோ சொல்லப் போறியள் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டவராம்."

கோபமாக இருந்தானா என்று கேட்டேன்.

"இல்ல. விரல் நிண்ட இடத்தைத் தானே ஒருக்காப் பார்த்திருக்கலாமாம், உங்கட வாயால வடிவெண்டு கேட்ட சந்தோசத்தில விட்டுட்டாராம்."

மூன்று வருஷத்தில் அந்த ஒரு சொல்லைத்தான் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். அதையும் எதற்காகச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பல்லுக்குத் திரும்பவும் போக வேண்டும். டொக்டரிடம் அன்ரனின் பெயரைச் சொல்லிவிடுவேன். என் பங்கைச் சொல்ல வாய் வருமோ தெரியாது. ஹாஜியாரின் கடை இன்று இல்லை, ஓகஸ்ட்டில் சுருளோடு நடக்கிறவர்கள் இல்லை, போயாவைப் போன் சொல்கிறது. அதுகள் போனால் போகட்டும். முப்பது வருஷமாய் எங்கேயோ அவன் நல்லாய் இருக்கிறான் என்று நினைத்து நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். இந்தப் பெரிய கொழும்பில் இனி நான் பொறாமைப்பட ஒருத்தரும் இல்லை.