குடை விரிந்தால் கோல்

ஆந்திரா தனி மாநிலமாகிவிட்ட பிறகு, எங்கள் குடிபாலா பக்கத்து ஊர்களெல்லாம் இங்கேயே இருக்குமா, மதராஸோடு போய்விடுமா என்று பெரியவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், நாம் அந்தப் பக்கம் போய்விடுவோம் என்பார். அடுத்த மணிக்கு வருகிறவர், எங்கேயும் போகப் போவதில்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போவார். எனக்கு இரண்டும் விளங்காது. வேலூரில் இருந்த அத்தை வீட்டுக்குப் போகிற பஸ்ஸை நிறுத்திவிடுவார்களோ என்கிற ஒரு பயம் மட்டும் உண்டு.

அந்தக் குழப்பத்தில் எங்கள் நைனாவுக்குச் சந்தேகமே வராத விஷயம் ஒன்று இருந்தது. அது எங்கள் ஊர் புட்பால் கட்சி. ஊர் எந்தப் பக்கம் போனாலும் கட்சி நம்முடையதுதான் என்பார். அந்தக் கட்சியில் நடுவில் நின்று ஓடி ஆடுகிறவர் என் சித்தப்பா, நைனாவின் ஒரே தம்பி. கட்சி எங்கே ஆடப் போனாலும் நைனா பின்னால் ஒரு கூட்டம் போகும். வெறுங்கையோடு போகாது. எங்கள் ஆட்கள் ஊர் அம்மன் கோயிலில் பந்தை வைத்துத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். நம்மவர்கள் கோல் போட்டால் பம்பை அடித்துக் கற்பூரம் ஏற்றுவார்கள். சாமிக்குத் திரை விலகும்போது செய்வதையெல்லாம் கோலுக்கும் செய்வார்கள். அந்தப் பம்பைச் சத்தம் காதில் விழாவிட்டால் கால் எழும்பாது என்று சித்தப்பாவே சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷம் கோப்பைக்கான கடைசி ஆட்டம் சித்தூரில். எங்கள் கட்சி அதுவரை அவ்வளவு தூரம் போனதே இல்லை. இரண்டு வண்டி கட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பினோம். சித்தூர் கடைத்தெருவில் பாத்திரம் வாங்க வேண்டும் என்று அம்மாவும் ஏறிக்கொண்டாள். நானும் அவள் மடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். வெயிலுக்கு என்று நைனாவின் கறுப்புக் குடையை அம்மா கையில் எடுத்துக்கொண்டாள்.

மைதானத்துக்குப் போய்ப் பார்த்தால் மைதானத்தையே காணோம். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேலே தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருந்தார்கள். போன வருஷம் வரைக்கும் அந்த இடத்தில் கயிறுதான் கட்டியிருப்பார்களாம். ஓர் அணா கொடுத்துவிட்டு யாரும் தரையில் உட்காரலாம். அதுவும் இல்லாதவனை யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். இந்த வருஷம் எல்லைக் காரியமாக வந்திருக்கிற பெரிய ஆபீசர்களெல்லாம் பார்க்க வருகிறார்களாம். அதற்காக நாற்காலி, சாமியானா என்று ஆட்டக் கமிட்டிக்குச் செலவாகிவிட்டதாம். வெறுந்தரைக்கே எட்டணா என்று எழுதி மாட்டியிருந்தது. பகலெல்லாம் கரும்பு வெட்டினால் கிடைக்கிற கூலியில் அது பாதிக்கு மேல். எங்களோடு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கரும்பு வெட்டுகிறவர்கள்.

வாசலில் நின்றவன் நைனாவை மேலும் கீழும் பார்த்தான்.

"டிக்கெட்டு லேனிதே லோபலிக்கி லேது."

டிக்கெட் இல்லாவிட்டால் உள்ளே கிடையாது என்கிறான். நைனா தமிழிலேயே பதில் சொன்னார்.

"இன்னாப்பா லேது? உள்ள ஆடப்போறானே, அவன் என் கூடப்பொறந்தவன். நாங்க இல்லாம அவனுங்க என்னிக்கு ஆடனானுங்க?"

அவனும் தமிழுக்கு வந்துவிட்டான். "ஆடறவன் துட்டு குடுக்க வாணாம்யா. பாக்கறவன்தான் குடுக்கணும். பாக்கலன்னா போய்க்கினே இரு."

அதற்குள் எங்கள் கட்சி ஆட்டக்காரர்கள் வந்தார்கள். சித்தப்பா நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இருண்ணா, நான் கமிட்டிகிட்ட பேசிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போனவர் திரும்பி வரவில்லை. ஆட்டம் தொடங்கச் சீட்டி ஊதிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. வெளியே நின்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்? கூட்டத்தில் ஒருவர், "நம்மள வெளிய வுட்டுட்டு உள்ள போய்ட்டானுங்க பாரு ராஜாங்க" என்று காறித் துப்பினார். நைனா அவரை முறைத்தார்.

யாராவது ஒருத்தன் மட்டும் காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லட்டும் என்று பம்பைக்காரர் சொன்னார். நைனா ஒப்பவில்லை. போனால் எல்லோரும், இல்லாவிட்டால் யாரும் இல்லை. தட்டியில் ஓட்டை போட்டுப் பார்க்கலாம் என்றால், அதற்கென்றே தடியோடு ஓர் ஆள் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் நைனாவின் கண் அம்மாமேல் விழுந்தது. பெண்களுக்கு மட்டும் டிக்கெட் இல்லை, பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். கண்ணியமான கூட்டமாகத் தெரிய வேண்டும் என்று கமிட்டி அப்படி ஓர் ஏற்பாடு செய்திருந்தது. ஜென்மத்தில் ஓர் ஆட்டமும் பார்த்திராத, பார்க்க ஆசையும் படாத என் அம்மா தாராளமாக உள்ளே போகலாம். ஓர் ஆட்டத்தையும் தவறவிடாத நைனா போகக் கூடாது. இதில் என்ன நியாயம் என்று நான் கேட்டேன்.

நைனா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பாடம் சொன்னார். பெண்கள் உட்காரும் பெஞ்சு தட்டியை ஒட்டியே இருக்கிறது. உள்ளே ஒரு புளியமரம் தெரியும். அந்தப் பக்கத்துக் கம்பத்துக்குள்தான் நம்மவர்கள் பந்தைத் தள்ளுவார்கள். உள்ளே போயிருந்த ஒருத்தனை வாசலில் விசாரித்து நைனா அதைத் தெரிந்துகொண்டிருந்தார்.

"அங்க பந்து உள்ள போச்சின்னா, இவள பெஞ்சு மேல ஏத்திக் குடையை விரிக்கச் சொல்லு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

"புளியமரத்துப் பக்கம்."

"புளியமரத்துப் பக்கம். வேற எதையும் நீ பாக்கவே வாணாம்."

அம்மா அதைச் சாமி வாக்கு மாதிரி எடுத்துக்கொண்டாள். உள்ளே போய் உட்கார்ந்தவள் வேறு எதையும் பார்க்கவே இல்லை. அரை டிராயர் போட்டுக்கொண்டு ஓடும் ஆண்களைப் பார்க்க அவளுக்குக் கூச்சம். தலையைக் குனிந்தபடி புளியமரத்தடிக் கம்பத்தையும் வலையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஏழுமலையான் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா ஓடி வந்து உதைத்த பந்து அந்த வலைக்குள் போய் விழுந்தது. "ஏறுடி" என்றாள் அம்மா. நான் ஏறிக் குடையை விரித்தேன். அவ்வளவுதான், தட்டிக்கு வெளியே பம்பை அதிர்ந்தது. கற்பூரப் புகை தட்டிக்கு மேலே எழும்பி வந்தது. நாற்காலியில் இருந்த ஆபீசர்கள், பக்கத்தில் ஏதோ கோயில் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். நடு மைதானத்தில் நின்ற சித்தப்பா முகமெல்லாம் பல்லாகத் தட்டியைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். ஆள் தெரியாவிட்டாலும், வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு இன்டர்வல் விட்டார்கள். ஆடினவர்கள் எலுமிச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுபடியும் சீட்டி ஊதியபோது எனக்கு ஏதோ மாறிவிட்டது போல இருந்தது. துவைக்கும்போது நீலம் அதிகமாகி ஊதாவாகிப்போன பனியன்கள்தான் நம்முடையவை. அவை இப்போது எதிர்ப்பக்கமாக ஓடின.

"அம்மா, சித்தப்பா அந்தாண்ட ஓடறாரு."

"ஓடட்டும். ஆம்பளைங்க ஓடற இடத்தையெல்லாம் நாம கேக்கக்கூடாது. நீ குடையைப் புடி."

"புளியமரத்தாண்ட மஞ்ச பனியனுங்க வரானுங்கம்மா."

"நைனா பனியனச் சொன்னாரா, மரத்தச் சொன்னாரா?"

"மரத்த."

"அப்ப மரத்தப் பாரு."

இன்டர்வலுக்கு அப்புறம் பக்கம் மாறி ஆடுவார்கள் என்பதை நைனா எங்களுக்குச் சொல்லவே இல்லை. சோற்றைக் கையால் பிசைந்து வாயில் வைக்க வேண்டும் என்று யாராவது சொல்லித் தருவார்களா? அவருக்கு அது அந்த மாதிரி.

மஞ்சள் பனியன் போட்ட ஒருவன் புளியமரத்துப் பக்கத்து வலைக்குள் பந்தை அடித்தான். உள்ளே எட்டணா கொடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். அவர்கள் யார் போட்டாலும் கத்தினார்கள். அம்மா என்னைத் தூக்கி நிறுத்தினாள். குடை விரிந்தது. வெளியே பம்பை முன்னைவிடப் பலமாக அடித்தது. யாரோ சீட்டியடித்தார்கள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் ஓடாமல் நின்றுவிட்டார். தட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை.

இன்னொரு கோலும் அதே வலையில் விழுந்தது. குடையும் விரிந்தது, பம்பையும் அடித்தது. அதற்கு மேல் சித்தப்பா ஆடினார் என்று சொல்ல முடியாது. மைதானத்தில் சும்மா நடந்துகொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து, கூட்டத்தில் பின்தங்கிய அம்மாவுக்கு முன்னால் நான் வெளியே ஓடி வந்தபோது எங்கள் ஆட்கள் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று கோலும் நம்முடையது என்கிற சந்தோஷம். நைனா எங்கிருந்தோ ஒரு சாமந்தி மாலை வாங்கி வைத்திருந்தார். வாசலில் சித்தப்பா தலை தெரிந்ததும் ஓடிப்போய்ப் போட்டார். சித்தப்பா அதைப் பிய்த்துக் கீழே எறிந்தார்.

"டிக்கெட்டு நானா போட்டேன்? சொல்லுண்ணா, நானா போட்டேன்? அதுக்கு நாங்க கோலு வாங்கசொல்ல பம்ப அடிப்பியா நீ?"

நைனாவுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. கூட வந்த ஆட்டக்காரர் ஒருவர்தான் அவரை ஒதுக்குப்புறமாக இழுத்துத் தோற்றுப்போன கதையைச் சொன்னார்; எனக்கு அது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பம்பை நின்றது. நைனா திரும்பி எங்களைப் பார்த்தார். அம்மா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏதோ பரீட்சையில் தேறியவள் மாதிரி வந்துகொண்டிருந்தாள். நைனா தட்டிக்கு மேலே தெரிந்த புளியமரத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அப்புறம் மூடிக்கொண்டார். சித்தப்பா வேறு வழியாகப் போய்விட்டார்.

"தம்பி கைல சொல்லிடுண்ணா, இந்த மாதிரி இந்த மாதிரின்னு" என்று பம்பைக்காரர் காதோடு சொன்னார்.

"வாய மூடிக்கினு வண்டில ஏறு. ஒருத்தனும் வாயத் தொறக்கக்கூடாது."

வண்டி சித்தூர் எல்லையைத் தாண்டியது. அம்மாதான் பேசினாள்.

"ஜெயிச்சிட்டு எதுக்கு எல்லாரும் மூஞ்ச தூக்கி வச்சிக்கினு வராங்க?"

"களப்பு" என்றார் நைனா.

"கோப்பை எங்க?"

"பேரு வெட்டிக் குடுப்பாங்களாம்."

அம்மா குடையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "உள்ள குந்திக்கினு திருப்பதிக்கு வேண்டிக்கினேன். மூணு கோலு வுழுந்தா உங்க முடியக் குடுக்கறேன்னு" என்றாள். பம்பைக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"சரி, குடுத்துடலாம்" என்றார் நைனா.

சித்தப்பா அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. கிணற்றங்கொல்லைக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். கரும்புக்குக் காவல் இருக்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நைனா அந்தப் பக்கம் போவார், பாதி வரப்பிலேயே திரும்பி வந்துவிடுவார். ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். ஆட்டத்துக்கு அப்புறம் வெளியூருக்கு ஆட வரச் சொல்லி ஆள் வந்தபோது சித்தப்பா போகமாட்டேன் என்றுவிட்டாராம். பம்பைக்காரரும் பம்பையைக் கல்யாணத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போனார். எட்டணா என்று எழுதி மாட்டிய ஒரு பலகை இத்தனையும் செய்யுமா என்று இப்போதும் நான் யோசிப்பதுண்டு.

திருப்பதிக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், கொட்டகைக்குச் சோறு கொண்டுபோனது நான்தான்.

"எதுக்குத் திருப்பதி?" என்றார் சித்தப்பா.

"அம்மா வேண்டிக்கினாங்க. நாம மூணு கோலு போட்டதுக்கு. நைனா மொட்ட போட்டுக்கறாரு."

அவர் வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கிவிட்டார். "மூணா? யாரு எண்ணனது?"

"அம்மாதான். புளியமரத்துப் பக்கம் பந்து போசொல்லல்லாம் குடை விரிக்கச் சொல்லி நைனா சொன்னாரு. நான்தான் விரிச்சேன். வெளிய பம்ப அடிச்சாங்க."

"இன்டர்வலுக்கு அப்பறமும் புளியமரம்தானா?"

"மரம் எங்க போவும் சித்தப்பா?"

அவர் என்னையே பார்த்தார். "உங்க அம்மாவுக்கு இன்னும் தெரியாதா?" என்றார். எது தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்க் கிணற்றில் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

மறுநாள் சித்தூர் ரயிலடியில் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். நைனா அவரைப் பார்த்தார், அவர் நைனாவைப் பார்த்தார். மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேறும்போது கோவிந்தா போட்டார்களே தவிர வேறு பேச்சு இல்லை. மேலே முடி இறக்குகிற கல்யாணக்கட்டையில் நைனா தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் சித்தப்பாவும் உட்கார்ந்தார்.

அம்மா பதறிப்போனாள். "உனக்கு எதுக்குப்பா? நான் உன் முடிய வேண்டிக்கலையே!"

"ஆடனவன் நான்தானே அண்ணி" என்றார் சித்தப்பா.

நைனா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நாவிதர் கத்தியை எடுத்துவிட்டு, "அழாத ஐயா, கத்தி பட்டுடும்" என்று அதட்டினார்.

பெருமாளைக் கண்குளிரச் சேவித்துவிட்டு வெளியே வந்ததும் நைனா சந்தனத்தைக் குழைத்துச் சித்தப்பா தலையில் பூசினார். பூசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். இரண்டு மொட்டைத் தலைகளும் ஒன்றையொன்று பார்த்து, கண்ணில் தண்ணீர் வழிய, போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குச் சிரித்தன. அம்மாவும் ஒன்றும் புரியாமல் கூடச் சிரித்தாள்.

"இன்னாடி இப்படிச் சிரிக்கிறாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

தோற்றவர்கள் ஜெயித்ததற்காக மொட்டை போட்டிருக்கிறார்கள், சண்டை போட்டவர்கள் சிரிக்கிறார்கள். அப்போது எனக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும்?

"தெரியலம்மா" என்றேன்.