ஒரு தலையணையில் படுத்த அக்கா

எங்கள் அக்கா மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அழுதுகொண்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அக்காவின் முப்பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் என்னால் இருந்த இடத்தில் இருக்க முடிவதில்லை.

அக்கா மல்லாவியில் வயல் செய்த குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பத்து வயதில், நாங்கள் போரால் இடம்பெயர்ந்து ஓலைக் கொட்டிலில் இருந்த மாரிக்காலத்தில், அவருக்குக் காய்ச்சல் வந்து முழங்கால்கள் வீங்கின. வளர்த்தி நோவென்று எண்ணெய் பூசினோம். அந்தக் காய்ச்சல் இதய வால்வு ஒன்றைப் பழுதாக்கிவிட்டதென்பது பதினேழு ஆண்டுகளாக எவருக்கும் தெரியாது. அதற்குள் அவர் முன்பள்ளி ஆசிரியையாகி, கிளிநொச்சியில் அத்தானைக் கைப்பிடித்தார். கோபம் வந்தால் பாட்டு முணுமுணுப்பார். எங்களுக்கு அதுவே எச்சரிக்கை.

கர்ப்பமாகி இருபதாவது வாரத்தில் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அப்பாவுக்கு இருந்த தொய்வு, அதாவது ஆஸ்துமாதான், மகளுக்கும் என்று அம்மா முடிவுகட்டி, தூதுவளைச் சாறு கொடுத்தார். இருபத்திரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை, கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார்.

“பிள்ளை, எத்தினை தலகணி வைச்சுப் படுக்கிறனீர்?”

“மூண்டு, மிஸ். ரெண்டு நாளாப் படுக்கிறேல்லை. கதிரையிலதான் இருக்கிறன்.”

“எங்கட பரம்பரைத் தொய்வு, மிஸ்,” என்றார் அம்மா.

“உது தொய்வில்லை, அம்மா. படுக்கேலாமல் மூச்சு முட்டுதெண்டால் இருதயத்தைப் பாக்கவேணும். இண்டைக்கே வெளிக்கிடுங்கோ.”

அன்று பிற்பகலே வவுனியா ஆஸ்பத்திரியில் இருந்தோம். வால்வு ஒடுங்கியிருப்பது ஸ்கானில் தெரிந்தது. பிள்ளை வளர வளரத் தாயின் உடலில் இரத்தம் கூடும், ஒடுங்கிய வழியால் அது போகாது, நுரையீரலில் நீர் கட்டும், பிள்ளைக்கும் போதிய இரத்தம் கிடைக்காது என்று டொக்டர் விளக்கினார். அத்தான் தலை நிமிராமல் கேட்டார்: “பிள்ளையை விட்டால் தாய் தப்புமோ, டொக்டர்?”

“இஞ்சருங்கோ, என்னைக் கேளாமல் என்ன கதை இது?” என்றார் அக்கா. “ரெண்டு பேரும் தப்ப வழியில்லையோ, டொக்டர்?”

வழி இருந்தது. தொடையடி நாளத்தால் மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, அங்கே சிறு பலூனை விரித்து வால்வைத் திறப்பார்களாம். ஆபத்தும் உண்டு என்றார்.

“பிறக்க முந்தியே பலூனோ! பிறந்தநாளுக்கும் ஒண்டு மிச்சம் பிடிச்சு வையுங்கோ,” என்று சொல்லிவிட்டு அக்கா கையொப்பம் வைத்தார்.

கொழும்புக்கு மாற்றப்பட்ட பின், அடுத்த செவ்வாய்க்கிழமை பலூன் சிகிச்சை நடந்தது. மறுபடி பார்க்க விட்டபோது அக்கா நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார்.

“தம்பி, பார்! ஒரு தலகணிதான்!”

வெளியே ஓடி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “அம்மா, அக்கா படுத்திட்டா!”

“ஐயோ! மூச்சு இருக்கோடா?”

என் சந்தோஷத்தில் அம்மாவைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். விளக்கிச் சொன்னதும் ஏச்சும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டன.

முப்பத்தாறாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, மருமகள் பிறந்தாள். எடை குறைவுதான், குரலுக்குக் குறைவில்லை. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அக்கா, பழைய காய்ச்சல் திரும்பாமல் இருக்கப் போடும் மாதாந்த ஊசியை ஒருமுறையும் தவறவிடவில்லை. ஆனாலும் வால்வு மீண்டும் ஒடுங்கியது. சென்ற ஆண்டு செய்த சத்திரசிகிச்சையின் பின், ஒன்பதாம் நாள், அத்தானும் மகளும் அருகிருக்க அமைதியானார்.

அன்று தலையணைக் கணக்குக் கேட்ட குடும்பநல உத்தியோகத்தருக்கும், வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரத்தம் தந்தோருக்கும், இறுதிக் கிரியையில் தோள் தந்த அயலவர்க்கும் எங்கள் நன்றி.

இக்கட்டுரையை முதலில் வாசித்த மருமகள் முகத்தைச் சுளித்தாள்.

“முக்கியமானதை விட்டிட்டியள், மாமா. எனக்குச் சைக்கிள் பழக்கேக்க அம்மா பின்னால பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தவா. மாமாட்டைச் சொல்லாதை, ஏசுவார் எண்டவா.”

“ஓடினவாவோ? எப்ப? என்ன கிழமை?”

“கிழமையெல்லாம் ஆருக்குத் தெரியும்? நான் விழேல்லை, மாமா. அம்மா கடைசி வரைக்கும் ஓடி வந்தவா.”