ஸ்டெல்லாவின் பத்தாவது பாட்டு

1. முதல் நாள்

ஸ்டெல்லா என் ஸ்டுடியோவில் கிதாரைச் செருகிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர் மாடியேறி வந்துவிட்டார்.

"என்னண்ணே, கட்டடத்த இடிக்கிறீகளா? அலமாரியில இருக்குற பாட்டிலெல்லாம் நடந்து வருது!"

தேனியில் இருபத்திரண்டு வருடமாக ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துகிறேன். கோயில் திருவிழாப் பாட்டு, சர்ச் பாட்டு, கடைத் திறப்பு விளம்பரம், தேர்தல் வந்தால் ஆட்டோவில் ஓடுகிற அறிவிப்பு, இவைதான் என் பிழைப்பு. எலெக்ட்ரிக் கிதார் வந்தால் ஒயரை நேராக கம்ப்யூட்டர் பெட்டியில் செருகிவிடுவேன். அறையில் சத்தமே இருக்காது. வேண்டிய சத்தத்தைப் பிறகு சாஃப்ட்வேரில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்டெல்லா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

"ஸ்பீக்கர்ல காத்து அசையணும்ணே. அந்தக் காத்தத்தான் நீங்க புடிச்சுத் தரணும்" என்றார்.

அவருக்கு நாற்பத்தொரு வயது. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ கிராமம். அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்து வளர்த்த பிள்ளை. சர்ச் பாடகர் குழுவில் கிதார் பிடித்து, பெங்களூருக்குப் போய், பதினெட்டு வருடம் ஹார்டு ராக் வாசித்தவர். அத்தனை வருடமும் அடுத்தவர்களின் குழுக்களில்தான். தன் பெயரில் ஓர் ஆல்பம் போடுவது இதுதான் முதல் தடவை. பத்துப் பாட்டு. பத்தும் கவர், அதாவது ஏற்கெனவே மற்றவர்கள் போட்ட பாட்டுகளைத் தன் கையில் திரும்ப வாசிப்பது.

"ஒன்னுகூட சொந்தப் பாட்டு இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"என்னைய இம்புட்டு தூரம் கொண்டுவந்தது இந்தப் பாட்டுகதான்ணே. மொதல்ல இதுகளுக்கு மரியாதை செஞ்சிருவோம்."

போடி சாலையில் நண்பர் ஒருவருடைய ஏலக்காய் குடோன் காலியாகக் கிடந்தது. மறுநாளே அங்கே மாறினோம். எதிரொலியைக் குறைக்கச் சுவர் முழுக்கச் சாக்குப் படுதாக்களைத் தொங்கவிட்டேன். ஒரு மைக் ஸ்பீக்கருக்கு நெருக்கத்தில் சற்றே சாய்வாக, இன்னொன்று பத்தடி தள்ளி. அப்புறம் ஸ்டெல்லா வாசித்தார்.

எத்தனையோ கிதார் கலைஞர்களைப் பதிவு செய்திருக்கிறேன். வேகமாக வாசிக்கிறவர்கள் நிறைய. ஸ்டெல்லாவின் திறமை வேகத்தில் இல்லை. ஒரு கம்பியை இழுத்து வளைத்து, சுருதியைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்பாக நிறுத்தி, நம்மைத் தவிக்கவிட்டுத் தொடுவார். பிசிறே இல்லாமல் பதிவான டேக்கைக்கூட "இதுல நான் என்னையக் காட்டிக்கிட்டேன், பாட்டு தெரியல" என்று சொல்லி அழிக்கச் சொல்வார். அப்படிச் சொல்கிற ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பத்தில் ஒன்பது ஆங்கிலப் பாட்டுகள். அவை ஆறு நாளில் முடிந்தன.

2. விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

பத்தாவது, ஜீப்புப் பாட்டு. கம்பம், கூடலூர்ப் பெண்கள் விடிவதற்கு முன் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். மலைப்பாதையில் அவர்கள் பாடுகிற பாட்டு.

மேடேறிப் போற ஜீப்பே - எங்கள
எண்ணிக்கிட்டுப் போ ஜீப்பே

அம்மா வீட்டு வேலை செய்துகொண்டே பாடக் கேட்டு, ஸ்டெல்லாவுக்கு மனப்பாடம். அம்மா இறந்து சில வருடம் ஆகிறது. அந்த மெட்டை எடுத்து, கிதாரில் நான்கு நிமிடம் இடைவிடாமல் ஒரு சோலோவாக, தனி ஆவர்த்தனம்போல, வாசித்தார். ஒரே டேக். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். என் கையால் பதிவு செய்ததிலேயே சிறந்தது அது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இணையத்தில் வெளியிடுகிற நிறுவனத்தின் விண்ணப்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் அதை உருவாக்கியவர் பெயரை எழுத வேண்டும். ஒன்பது பாட்டுக்கும் ஸ்டெல்லா முறைப்படி அனுமதி வாங்கிவைத்திருந்தார். பத்தாவது கட்டத்தில் நான் 'டிரெடிஷனல்', அதாவது வழிவழியாக வருவது, என்று அடித்தேன். ஆள் தெரியாத பாட்டுக்கெல்லாம் இத்தனை வருடமாக அப்படித்தான் அடித்துவந்தேன்.

"யாராச்சும் ஒருத்தர் கட்டியிருப்பாகள்லண்ணே?"

"யாருன்னு எங்க போய்த் தேடுவ? சனிக்கிழமை நீ பெங்களூருக்கு வண்டியேறணும்."

சனிக்கிழமை அவர் போயே ஆக வேண்டும். ஒரு பெரிய குழு வெளிநாட்டுக்குக் கிளம்புகிறது, அதில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனாலும் மறுநாள் அதிகாலையில் ஸ்டெல்லா கம்பத்தில் ஜீப்புகள் நிற்கிற இடத்தில் போய் நின்றார். இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது நாள் ஒரு டிரைவர் சொன்னாராம்: "இது கூடலூரு பேச்சியக்கா கட்டுன பாட்டுல்ல? அவுக இன்னும் வேலைக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்காக."

வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் குடோனுக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். அத்தனை சத்தத்துக்கும் முகம் சுளிக்கவில்லை. கடைசிவரை கேட்டார்.

"நல்லா ஓங்கி அடிச்சிருக்க தாயி. வண்டி மலையேறுற மாதிரியே இருக்கு. ஆனா பேரு சொல்ல எடம் விடலையே?"

"என்ன பேருக்கா?"

"எங்க பேருதான். ஒவ்வொரு வளைவுலயும் பாட்ட நிப்பாட்டிருவோம். ஒருத்தி தன் பேரச் சொல்லணும். சொன்னாத்தான் அடுத்த அடி. இருட்டுக்குள்ள போறோம்ல, கண்ணு சொக்கும். பின்னாடி ஓரத்துல உக்காந்திருக்கவ தூங்கிறக் கூடாது பாரு. அதுக்குத்தான் இந்தப் பாட்டையே கட்டுனேன்."

"எங்கம்மா நிப்பாட்டாமத்தான் பாடுவாக" என்றார் ஸ்டெல்லா.

"வீட்டுல ஒத்தையில பாடுறவ யாரு பேரச் சொல்றதுக்கு நிப்பாட்டுவா?"

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினார். "அழிச்சிருங்கண்ணே."

எனக்குப் பதறிவிட்டது. "அங்கங்க வெட்டி இடைவெளி விட்டுத் தாரேன்மா. இந்த சோலோ மறுபடி வராது" என்று கெஞ்சினேன்.

"வெட்டுனா ஓட்டைதான் தெரியும்ணே. நின்னு வாசிக்கிறது வேற."

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அப்புறம் ஸ்டெல்லா வெளியே போய் பெங்களூருக்குப் பேசிவிட்டு வந்தார். "சனிக்கிழமை வரலேன்னு சொல்லிட்டேன். வேற ஆளு போட்டுக்கிருவாக" என்றார். பிறகு பேச்சியம்மாளிடம், ஜீப்பில் கூடப் பாடுகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை கூட்டிவர முடியுமா என்று கேட்டார்.

3. ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிறு மத்தியானம் ஒரு ஜீப் குடோன் வாசலில் வந்து நின்றது. பேச்சியம்மாளும் இன்னும் பதினோரு பெண்களும் இறங்கினார்கள். வேலைக்குப் போகையில் ஜீப்பில் உட்காருகிற வரிசைப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு மைக் வைத்தேன்.

ஸ்டெல்லா ஆரம்பித்தார். இந்தத் தடவை கிதார் பெண்களின் குரலுக்குக் கீழேயே நடந்தது. முதல் வளைவு வந்ததும் உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்து அமுக்கினார். ஆம்ப்ளிஃபையரின் லேசான இரைச்சல் மட்டும் கேட்டது.

"செல்வி!"

கிதார் பாய்ந்து எழுந்தது. அடுத்த வளைவில் "பாத்திமா!" அதற்கடுத்து "ரோஸி!" ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் கிதார் ஒரு படி மேலே ஏறியது. அழித்த சோலோவை நான் மறந்தே போனேன்.

ஏழாவது வளைவில் யாரும் பெயர் சொல்லவில்லை. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினேன். ஸ்டெல்லா என்னைப் பார்க்கவே இல்லை. பேச்சியம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு, கம்பிகளை அமுக்கியபடி இருந்தார். பேச்சியம்மாள் தலையை அசைத்த பிறகுதான் கையை எடுத்தார். பாட்டு கடைசிவரை ஓடியது.

"ஒரு எடத்துல பேரு விட்டுப் போச்சேம்மா. இன்னொரு தடவை எடுத்துருவோமா?" என்று கேட்டேன்.

"விடலையே" என்றார் பேச்சியம்மாள். "அது என் தங்கச்சி முத்துலட்சுமி. அந்த வளைவுலதான் தூக்கத்துல ஜீப்புல இருந்து விழுந்து போய்ச் சேந்தா. அவ சொல்ற வரைக்கும் பொறுத்திருப்போம்."

ரெக்கார்டிங் படித்தபோது எனக்குச் சொல்லித்தந்தது, சத்தமில்லாத இடத்தைச் சுருக்கு என்பதுதான். இன்றைக்கு சாஃப்ட்வேரே அதைக் கண்டுபிடித்து, 'வெட்டவா?' என்று கேட்கிறது. அந்த இடத்தை நான் தொடவில்லை. ஆம்ப்ளிஃபையர் இரைச்சலும் பன்னிரண்டு பேரின் மூச்சும் அதில் அப்படியே இருக்கின்றன. விண்ணப்பத்தின் பத்தாவது கட்டத்தில் 'டிரெடிஷனல்' போய், பேச்சியம்மாள் பெயர் வந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். பதிவில் வெறுமையாக ஓர் இடம் தெரிந்தால், வெட்டுவதற்கு முன் பாடியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் வெட்டியவை எத்தனை என்று எனக்கே தெரியாது.