வெளியே விழாத உறை

துப்பாக்கி வெடிக்கிற சத்தத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். எனக்கு அதற்கு அடுத்த நொடிதான் முக்கியம். குண்டு போனதும் காலியான பித்தளை உறை வலது பக்கமாகத் துள்ளி விழ வேண்டும், அடுத்த தோட்டா தானாக ஏற வேண்டும். உறை விழாமல் பாதியில் சிக்கிக்கொண்டால் கையில் இருப்பது வெறும் இரும்பு.

மைசூரில் ஆயுதப்படைக் காவலராக இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் நர்ஸ், டீச்சர் என்று போக, நான் மட்டும் காக்கி. என்னோடு பயிற்சி முடித்தவள் ஒருத்தி உண்டு. ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். கன்னடம் மட்டுமே கேட்கிற அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழில் சண்டை போட்டுக்கொள்வோம்.

அவள் சுத்தக்காரி. தசரா வந்தால் போதும், துப்பாக்கிகளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் துடைத்துப் பரிசோதனைக்கு வைக்க வேண்டும். அதிகாரி வெள்ளைக் கைக்குட்டையால் தடவிப் பார்ப்பார். கறை ஒட்டினால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே பிஸ்டன் என்று ஒரு கம்பி உண்டு. வெடிக்கும்போது கிளம்பும் வாயுதான் அதைப் பின்னால் தள்ளும், அந்தத் தள்ளலில்தான் காலி உறை வெளியே வரும். அதில் எப்போதும் கரி அப்பிக் கிடக்கும். நாங்கள் ஒப்புக்குத் துணியால் துடைப்போம். அவள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். அதில் முகம் பார்க்கலாம். அதிகாரி அதை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி, இதுதான் பிஸ்டன் என்பார். எங்களுக்கு வயிறு எரியும்.

அந்தத் துப்பாக்கிதான் அவளைக் கவிழ்த்தது. சுடும் தேர்வில் இரண்டு குண்டுக்கு ஒருமுறை உறை சிக்கியது. அடுத்த வருடமும் அதே கதை. தோளில் அழுத்திப் பிடிக்காவிட்டால் இப்படி ஆவது உண்டு என்பது உண்மைதான். அதிகாரி துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கையல்லி ஷக்தி இல்லம்மா," என்றார். கையில் வலு இல்லையாம். அவளைக் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்க அனுப்பிவிட்டார்கள்.

போன் எடுப்பது கேவலமான வேலை இல்லை. ஆனால் அவள் அவர் சொன்னதை நம்பிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மண்டி மொஹல்லாவில் சாப்பிடப் போனால் தண்ணீர் ஜக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குவாள். "எதுக்குடீ?" என்று கேட்டால், "கீழ போட்ருவேன் புள்ள," என்பாள். களத்தில் நெல் மூட்டை தூக்கி வளர்ந்தவள்.

அவளுடைய துப்பாக்கி இந்த வருடம் எனக்கு வந்தது. மூன்றாவது குண்டிலேயே உறை நட்டுக்கொண்டு நின்றது. அதிகாரி அதே வாக்கியத்தை ஆரம்பித்தார். படுக்கையில் கிடக்கும் என் அப்பாவைத் தினமும் தூக்கிக் குளிப்பாட்டுகிற கை இது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், கையை அப்புறம் பார்க்கலாம். முதலில் இதைப் பார்க்கலாம்," என்றேன். கன்னடத்தில்தான் சொன்னேன், மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் முகம் சுருங்கியது.

தோட்டாக்கள் அடுக்கிய மாகசினை மாற்றினேன். சிக்கியது. தோட்டா உட்காரும் அறையைப் பிரஷ் விட்டுத் தேய்த்தேன். சிக்கியது. உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கியும் அதன் ஸ்பிரிங்கும் நன்றாகவே இருந்தன. வாயுவின் அளவைக் கூட்டுகிற வளையத்தைக் கடைசிவரை திருகியும் பயனில்லை. மிச்சம் இருந்தது அந்த அழகான பிஸ்டன்தான். அதைச் சந்தேகப்பட எனக்கு மனமே வரவில்லை. பக்கத்துக் காவலரின் துப்பாக்கியிலிருந்து கரி பிடித்த பிஸ்டனைக் கேட்டு வாங்கிப் போட்டேன். உறைகள் பொரி மாதிரி தெறித்தன. அவள் தேய்த்த பிஸ்டனை அந்தக் காவலரின் துப்பாக்கியில் போட்டுப் பார்த்தோம். அது சிக்கியது.

தேய்த்துத் தேய்த்துப் பிஸ்டனின் தலை மெலிந்துபோயிருந்தது. தள்ள வேண்டிய வாயு, சுற்றிலும் இருந்த இடுக்கு வழியாக வீணாகப் போயிருக்கிறது. அதிகாரி அதை வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தூக்கிக் காட்டிய பிஸ்டன்தானே. புதியது போடச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அவளிடம் சொல்வதா என்று யோசித்தேன். கை மேல் இருக்கும் பழியை எடுத்து, அவள் பெருமைப்பட்ட ஒரே வேலையின் மேல் போடுவதுபோல் இருந்தது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊருக்குப் போகிறாள் என்று தெரிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கொள்ளேகால் பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம், கீழே நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவள் மடியில் இருந்த இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏம்புள்ள," என்றாள், "கையில வலு இல்லைன்னாங்க. நான் இரும்பையே தேய்ச்சிருக்கேன்!"

டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த அரிசிப்பையை ஒற்றைக் கையால் தூக்கி மேல்தட்டில் போட்டாள்.