அஸ்கரிடமே கேட்ட புஷ்பராணி மிஸ்

திங்கட்கிழமை பின்னேரம் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஃபரீனா கோல் எடுத்தார். அவருடைய மகளும் என் மகன் அஸ்கரைப் போல எதையும் மெதுவாகத்தான் விளங்கிக்கொள்வாள். “டீச்சர், புஷ்பராணி மிஸ் மோசம் போயிட்டாங்க. பகல் சாப்பிட்டுப் படுத்தவங்களாம், எழும்பவே இல்லையாம். நாளைக்கு அவங்கட ஊர் உடப்புல எடுக்கிறாங்களாம்” என்றார். சிவப்புப் பேனையை மூடி, மிச்சக் கொப்பிகளைக் கட்டி வைத்தேன்.

சமூக சேவை உத்தியோகத்தராக அவர் இருந்த அறைக்கு வெளியே, அந்த நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த தாய் தகப்பன்மாருக்காகவே இதை எழுதுகிறேன். தொடக்கத்தில் நாம் எல்லோருமே அவரை ஏசியிருக்கிறோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே ஏசினேன். அதை மறைத்துவிட்டுப் புகழ்ந்து எழுதினால் அவருக்கே பிடிக்காது.

அஸ்கருக்கு அப்போது இருபத்துநான்கு வயது. மாத உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கவும், ஏதாவது வேலைக்கு வழி கேட்கவும் அவனைக் கூட்டிப் போனேன். “உங்கட பேர் என்ன?” என்று மிஸ் அவனிடம் கேட்டார். நான் சொன்னேன். வயதைக் கேட்டார். அதையும் நானே சொன்னேன். “என்ன வேலை செய்ய விருப்பம்?” என்று கேட்டதற்கு, “அவனுக்கு அப்படியெல்லாம் சொல்லத் தெரியாது மிஸ்” என்றேன். அவர் பேனையை மேசையில் வைத்தார்.

“டீச்சர், நான் மகனிட்டத்தான் கேட்டனான். நீங்க கொஞ்சம் வெளியில இருங்க.”

முகம் எரிய வெளியே வந்தேன். திரும்ப என்னைக் கூப்பிட்டபோது படிவத்தில் எழுதியிருந்தார்: மூட்டை அடுக்க விருப்பம். எங்கள் தெருக் கடையில் அரிசி மூட்டை இறக்கும்போதெல்லாம் அவன் போய் நின்று பார்ப்பான். நான் கையைப் பிடித்து இழுத்து வருவேன். இருபத்துநான்கு வருடம் அவனைப் பெற்று வளர்த்தவள் நான், ஒரு நாளும் அவனிடம் அதைக் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் படிவம் அங்கேயே நின்றுவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த பலரும் செய்ததைத்தான் நாங்களும் செய்திருந்தோம். குடியிருப்பது புத்தளத்தில், கல்பிட்டி ரோட்டில்; பெயர்களெல்லாம் மன்னார் வாக்காளர் பதிவில். புத்தளத்தில் பிறந்த அஸ்கரின் பெயரையும் அங்கேதான் போட்டிருந்தோம். “அங்க போனா, இங்க இருக்கிற ஆள் எண்டு திருப்புவாங்க. இங்க நான் எடுத்தா, அங்கத்தை ஆள் எண்டு எனக்குத் திருப்பி வரும். ரெண்டு ஊரும் இருக்கு, ரெண்டுலயும் இவன் இல்ல” என்றார் மிஸ். நான் அந்த அறையில் சத்தம் போட்டேன். முடிந்ததும், “சரி, இனி உங்கட வீட்டுக்காரரோட கதைப்பம்” என்றார்.

என் கணவர் லேசில் மசிகிறவர் இல்லை. மன்னாரில் காடு பத்திக் கிடக்கிற எங்கள் காணிக்கு அந்தப் பெயர்கள்தான் சாட்சி என்று நம்புகிறவர். ஒரு சனிக்கிழமை மிஸ் வீட்டுக்கே வந்தார். “பேரை வெட்டினா நாங்களே ஊரை வேணாம் எண்ட மாதிரி” என்று என் கணவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. மிஸ் நிமிர்ந்து பார்த்து, “நீங்க ரெண்டு பேரும் மவுத்தான பிறகு அஸ்கர் எந்த ஊர்ல இருப்பார்?” என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இவர் எழும்பி வெளியே போய்விட்டார். எனக்கு மிஸ்ஸின் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. மூன்று நாள் கழித்து, கணவர் என்னையும் மகனையும் மட்டும் புத்தளத்துக்கு மாற்றச் சம்மதித்தார். அவர் பெயர் மன்னாரிலேயே இருந்தது. அதற்குப் பிறகு ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? புருஷன் ஒரு பதிவில், பெண்சாதி ஒரு பதிவில் என்றால் தலாக்காகத்தான் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டார்கள். பள்ளிவாசல் பக்கமிருந்து ஒருவர் சமாதானம் பேசக்கூட வந்தார். மிஸ்ஸிடம் சொன்னபோது, “வந்தவருக்குத் தேத்தண்ணி குடுத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

உதவிப்பணம் வந்தது. அடுத்து, புத்தளத்தில் உப்புப் பொதி செய்யும் இடமொன்றில் மூட்டை அடுக்கும் வேலைக்கு அவனைச் சேர்த்தார். வேலைக்குப் போனால் உதவிப்பணத்தை வெட்டுவார்கள் என்று அயலவர்கள் பயமுறுத்த, நான் மிஸ்ஸிடம் ஓடினேன். “வெட்டினா நானே வந்து சொல்லுவன். அதுக்குப் பயந்து பிள்ளையை வீட்ல வச்சிருக்க வேணாம்” என்றார். முதல் வாரம் அவனோடு பஸ்ஸில் போய் வந்ததும் அவர்தான். இரண்டாவது வாரம், தனியே விடச் சொன்னார்.

தனியே போன மூன்றாம் நாள் ஐந்து மணியாகியும் அவன் வரவில்லை. வேலையிடத்தில் நாலு மணிக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். மிஸ்ஸுக்குக் கோல் எடுத்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். “உங்களுக்குப் பிள்ளை இல்ல, அதுதான் விளையாடுறீங்க” என்றும் சொன்னேன். அது உண்மை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. “ஸ்டாண்டுக்கு வாங்க” என்று மட்டும் சொல்லி வைத்தார்.

நான் போகுமுன்பே அவர் பஸ்காரர்களிடம் விசாரித்து முடித்திருந்தார். எலுவன்குளம் போகிற பஸ்ஸில் ஏறியிருக்கிறான். யானை இறங்குகிற காட்டோரம் அது. இருவரும் ஒரு த்ரீவீல் பிடித்து ஏறினோம். இருட்டுகிறதா, இருட்டுகிறதா என்று வெளியே பார்த்துக்கொண்டே போனேன். முகம் துடைக்கிற கைலேஞ்சி அவர் கையில் கசங்கி நூலாகிவிட்டது.

எலுவன்குளத்தில் ஒரு சின்னக் கடையின் வாங்கில் அஸ்கர் பனிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டு சந்தோஷப்படவில்லை. “பஸ் பிழை உம்மா. கண்டக்டரிட்டச் சொன்னன். திரும்பிப் போற பஸ்ஸுக்கு இருக்கச் சொன்னார். நான் வந்திருப்பன்தானே” என்றான். மிஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “பிழை என்ட, அஸ்கர். எந்த பஸ்ல ஏறுற எண்டு சொல்லித் தந்தன். பிழையான பஸ்ல ஏறினா என்ன செய்யிற எண்டு சொல்லித் தரல்ல” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கும் தனியத்தான் போகணும், டீச்சர்.”

அன்று அவரை நான் வெறுத்ததைப் போல யாரையும் வெறுத்ததில்லை. மறுநாள் அவன் தனியாகத்தான் போனான். மூன்று வருடமாகப் போகிறான். ‘பிள்ளை இல்ல’ என்று நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் நினைப்பேன், கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது. அது என்னோடு இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை உடப்புக்குப் போவதென்றால் அஸ்கர் வருமுன் வீடு திரும்ப முடியாது. கணவரும் என்னோடு வரவேண்டும் என்று நின்றார். அவனைப் பக்கத்து வீட்டில் விடலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு வீட்டுக் கதவின் திறப்பைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்து, “நாங்க வரச் சுணங்கும். எங்க இருக்க விருப்பம்?” என்று கேட்டேன். அவன் திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நாங்கள் திரும்பி வரும்போது மஃரிப் ஆகி இருட்டிவிட்டது. வீட்டில் லைட் எரிந்தது. கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன்.

“ஆரு?” என்று என் மகன் கேட்டான்.

நான் இல்லாத வீட்டில் அவன் தனியே இருந்துவிட்டான். புஷ்பராணி மிஸ்ஸிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.